நயினார் என்று கூப்பிட்டால்

கொட்டாஞ்சேனை,
வெகுதானிய வருஷம் மாசி 17

மகள் பத்மாவதி அறியவேண்டியது,

நான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ உன் தாயைப்போல முதலில் அழுதுவிட்டுத்தான் விஷயம் என்னவென்று கேட்பாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி.

அலவி முதலாளியின் கடை மேல்மாடியில் தங்கியிருக்கிறேன். இவருடைய தகப்பன் காலத்திலிருந்தே எங்கள் பக்கம் தேனும் மான்கொம்பும் வாங்க வருகிறவர்கள். கீழே கயிறு, சாக்கு, புளி. மேலே எனக்கு ஒரு கட்டிலும் தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலும். போதும்.

ஏன் சொல்லாமல் வந்தேன் என்று நீ கேட்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு விருந்துக்கு வந்த அந்த அரசாங்கக் கந்தோர்ப் பெரியவர் என்னைப் பார்த்து, "இவர் ஆர்?" என்று உன் புருஷனிடம் கேட்டார். நவரத்தினம் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு என்ன சொன்னார்? "ஊரிலையிருந்து வந்த சொந்தக்காரர். பயிர்ச்செய்கை."

மாமா என்றுகூடச் சொல்லவில்லை. பாலையடிப்பற்று முழுவதற்கும் நான் மணியகாரன். என் பாட்டன் வரைக்கும் வன்னியனார் என்றே பட்டம். காட்டுக்கும் குளத்துக்கும் குடிசனத்துக்கும் நாங்கள்தான் பதில் சொல்லிவந்தோம். வெள்ளவத்தையில் நான் ஒரு சொந்தக்காரன், அதுவும் பெயர் இல்லாத சொந்தக்காரன். நீயும் அங்கேதான் நின்றாய். சோற்றைப் பரிமாறிக்கொண்டு நின்றாய்.

நான் கொழும்புக்கு வந்தது உன் வீட்டுக் கடற்காற்று வாங்க அல்ல. எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மணியகாரர் என்ற பதவியையே எடுத்துவிட்டு, பரீட்சை எழுதின யாரோ ஒரு உத்தியோகத்தனை, டி.ஆர்.ஓ. என்று பெயர் வைத்து, அந்த இடத்தில் போடப்போகிறார்களாம். அதை வேண்டாம் என்று பெரிய துரையிடம் நேரில் சொல்ல வந்தேன். சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போவேன்.

இங்கே ஒரு விஷயம் நடந்தது, அதையும் கேள். குடையும் பெட்டியுமாக இந்தத் தெருவில் நடந்து வருகிறேன். பின்னாலிருந்து ஒரு குரல், "நயினார்!" என்று. ஊரில் சனம் என்னைக் கூப்பிடுகிற அதே சொல். திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினேன். யார் கூப்பிட்டார்கள் என்று சனநெரிசலில் தெரியவில்லை. ஆனால் என்னை அறிந்தவர்கள் இந்தப் பட்டினத்திலும் இருக்கிறார்கள். உன் வீட்டில் அல்ல, வேறு இடத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
வே. சிவக்கொழுந்து,
மணியகாரர், பாலையடிப்பற்று

*

வெள்ளவத்தை,
1-3-1939

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் திகதியைப் புரிந்துகொள்ளப் பக்கத்து வீட்டில் பஞ்சாங்கம் வாங்கிப் பார்க்கவேண்டியிருந்தது. ஓம், அழுதேன். நீங்கள் எழுதினதுபோல முதலில் அதைத்தான் செய்தேன்.

திங்கட்கிழமை விடிய உங்கள் கட்டில் வெறுமையாகக் கிடந்தபோது நான் எங்கே ஓடினேன் என்று நினைக்கிறீர்கள்? ரயில் பாதைக்கு. இங்கே கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் கோச்சி போகிறது. காது கொஞ்சம் மந்தமான மனிதர் காலையில் கடல் பார்க்கப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். தண்டவாளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். இவர் கந்தோருக்குப் போகாமல் பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தார். நீங்கள் அங்கே தெருவில் நின்று கை உயர்த்திக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

உங்களுடைய சீனி வருத்தத்து மருந்து இங்கேயே கிடக்கிறது. இத்தோடு அனுப்புகிறேன். சாப்பாட்டுக்கு முன் குடிக்கவேண்டும். அலவி முதலாளி வீட்டில் வட்டிலப்பம் என்று இனிப்புத் தந்தால் வாங்காதீர்கள். நீங்கள் வாங்குவீர்கள், எனக்குத் தெரியும்.

ஐயா, ஞாயிற்றுக்கிழமை இவர் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்களைக் குறைக்க அல்ல, சத்தியமாக அல்ல. இப்போது எழுதமுடியாது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் நானே வந்து சொல்லுவேன். அதுவரை எனக்காக ஒன்று செய்யுங்கள். அந்தப் பெரிய கந்தோருக்குப் போகாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால் தலைப்பாகையும் நீளக் கோட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அங்கே எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுக்காதீர்கள். இவர் பெயரைச் சொல்லாதீர்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் இன்னும் ஏறும். ஏறட்டும். ஆனால் போகாதீர்கள். வீட்டுக்கு வாருங்கள். சின்னவள் உங்கள் வெற்றிலைத் தட்டை யாரையும் தொட விடுகிறாள் இல்லை.

உங்கள் மகள்,
பத்மாவதி

*

கொட்டாஞ்சேனை,
மாசி 24

பத்மாவதிக்கு,

போனேன். தலைப்பாகையோடும் கோட்டோடும்தான் போனேன்.

வாசலில் நின்ற சேவகன் என் உடுப்பைப் பார்த்துவிட்டு எழும்பி நின்றான். அவன் ஒருவன்தான் எழும்பினான். பிறகு ஒரு மர வாங்கில் இருக்கச் சொன்னார்கள். மத்தியானம் வரைக்கும் இருந்தேன். பெரிய துரை வரவில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கிளாக்கர் பொடியன் வந்து, "பாலையடிப்பற்றுக்கு ஆள் போட்டாச்சு, ஐயா. சித்திரை பிறக்க முன்னம் பாரம் எடுப்பார்" என்றான். யார் என்று கேட்டேன். சொல்லக்கூடாதாம். நான் பாரம் கொடுக்கவேண்டிய ஆளின் பெயரை எனக்கே சொல்லக்கூடாதாம்.

விலாசம் கேட்டார்கள். நீ கெஞ்சினதற்காக அல்ல, உன் வீட்டு விலாசத்தைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலவி கடை என்று எழுதிக்கொடுத்தேன். மருமகன் பெயரையும் சொல்லவில்லை. அவர் என் பெயரைச் சொல்லவில்லை, நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. சரியாகிவிட்டது.

நீ சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எங்கள் வம்சம் பீரங்கிக்கு முன் நின்றது என்று பெருமை அடித்துக்கொண்டு திரிந்தாய். சில வன்னியனார்மார் நின்றார்கள். அவர்களுக்குப் பின் அவர்கள் வளவில் புல் முளைத்தது. நாங்கள் நிற்கவில்லை. பறங்கி வந்தான், யானை கேட்டான், கொடுத்தோம். ஒல்லாந்தன் வந்தான், அவனும் யானை கேட்டான், கொடுத்தோம். வருடா வருடம் அவன் கோட்டை வாசலில் கை நீட்டி நின்றும் வந்தோம். ஆனால் கேட்ட நேரத்துக்குக் கொடுத்ததில்லை. மழை என்றோம், காய்ச்சல் என்றோம், கடைசியில் ஒரு நொண்டி யானையைக் கொண்டுபோய் நிறுத்தினோம். சுணக்கம்தான் எங்கள் யுத்தம். அதால்தான் ஊர் மிஞ்சினது.

இங்கிலீசுக்காரன் யானை கேட்கவில்லை. கடதாசி கேட்டான். எந்தக் காணி யாருடையது, எந்தக் காடு யாருடையது, எழுது என்றான். எழுதினோம். வன்னியனார் என்ற பெயரை எடுத்துக்கொண்டு மணியகாரர் என்று ஒரு பெயரும் மாதச் சம்பளமும் தந்தான். அதையும் வாங்கினோம். இப்போது அதையும் எடுக்கிறான். இவ்வளவு காலம் வளைந்துகொடுத்தவனுக்கு இனி வளைய முதுகு இல்லை, பிள்ளை.

அதால் நானும் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஊருக்குப் பாக்கு அனுப்பிவிட்டேன். அலவியின் லொறி நேற்றுப் போனது. ஒவ்வொரு குளத்து ஊருக்கும் தலைவனான விதானைக்கு ஒரு பாக்கு. சொல் என்னவென்றால், வருகிற டி.ஆர்.ஓ.வுக்கு வண்டில் கொடுக்கக்கூடாது, வழி காட்டக்கூடாது, கதிரை கொடுக்கக்கூடாது, தண்ணீர்கூட ஊற்றக்கூடாது. நீ மறந்திருக்கமாட்டாய். எங்கள் வளவிலிருந்து வந்த பாக்கைக் கையில் வாங்கினவன் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். மாங்குளத்தில் கோச்சியால் இறங்கி, யானைக் காட்டுக்குள்ளால் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பரீட்சைக்காரன் நடக்கட்டும். நடந்து பார்க்கட்டும்.

மருந்து குடிக்கிறேன். வட்டிலப்பம் ஒரு துண்டுதான் சாப்பிட்டேன்.

வே. சிவக்கொழுந்து,
மணியகாரர், பாலையடிப்பற்று

*

வெள்ளவத்தை,
8-3-1939

ஐயா,

லொறியைத் திருப்பமுடியுமா? அலவி முதலாளியிடம் கேளுங்கள். வழியில் எங்காவது நிற்கும் இடத்துக்குத் தந்தி அடிக்கமுடியுமா? இதைப் படிக்கிற இந்த நிமிஷமே கீழே இறங்கிப்போய்க் கேட்டுவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

அந்தப் பரீட்சைக்காரன் இவர்தான். உங்கள் மருமகன்.

போன வருடம் எழுதினார், பாஸ் பண்ணினார். உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும்தான் தீர்மானித்தோம். எந்த இடம் வேண்டும் என்று கேட்டபோது வேறு யாரும் கேட்காத பாலையடிப்பற்றைக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்களாம், காய்ச்சல் காட்டுக்கு ஏன் போகிறாய் என்று. ஏன் கேட்டார் தெரியுமா? வேறு ஒருவர் டி.ஆர்.ஓ.வாக வந்தால் கந்தோராக இருக்கிற உங்கள் வளவை அவர் எடுத்துக்கொள்ளுவார். நீங்கள் பிறந்த வீட்டைவிட்டு உங்களை வெளியே போகச் சொல்லுவார். இவர் வந்தால் நீங்கள் அங்கேயே இருக்கலாம். அவ்வளவுதான் இவர் நினைத்தது.

பழைய மணியகாரரின் மருமகன் என்று தெரிந்தால் அந்த இடத்தைத் தரமாட்டார்கள். விருந்துக்கு வந்தவர்தான் அதைத் தீர்மானிக்கிறவர். திடீரென்று வந்துவிட்டார், நீங்களும் மேசையில் இருந்தீர்கள். இவர் வாயில் வந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. நீங்கள் கோபத்தில் அலவி கடை விலாசத்தைக் கொடுத்ததால் இவர் தப்பினார். அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லுவதா, சண்டை பிடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

பாக்கு அனுப்பினதை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். "தந்தி அடிச்சு வேண்டாம் எண்டு சொன்னால் சரிதானே?" என்று இவர் கேட்கிறார். இவர் கொழும்பில் படித்தவர், இவருக்கு என்ன தெரியும். எனக்குத் தெரியும். கந்தவனம் விதானை உங்கள் பாக்கை மடியில் முடிந்துவைத்திருப்பார். கவர்னரே வந்து சொன்னாலும் அவிழ்க்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்லுகிறேன், கோபித்தால் கோபியுங்கள். சின்ன வயதில் நான் பெருமை அடித்தது உண்மை. வளவு வாசலில் சனம் வெயிலில் நின்றதையும் அதே வயதில்தான் பார்த்தேன். நீங்கள் சாப்பிட்டுப் படுத்து எழும்பும்வரை நிற்பார்கள். நீங்கள் அந்தக் கந்தோரில் மத்தியானம் வரைக்கும் வாங்கில் இருந்தேன் என்று எழுதினதைப் படிக்க எனக்குக் கோபம் வந்தது. அதோடு அவர்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள். என்ன செய்ய, இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

நாங்கள் மூன்று பேரும் போகிறோம். மாங்குளத்தில் வண்டில் இல்லாமல் நிற்கப்போவது இவர் மட்டும் அல்ல. நீங்கள் சொல்லி அனுப்பின அந்தத் தண்ணீரை முதலில் கேட்கப்போவது சின்னவள்தான்.

பத்மாவதி

*

வெள்ளவத்தை,
13-3-1939

ஐயா,

பதில் இல்லை. நேற்று இவரைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினேன். தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றாராம், நீங்கள் ஜன்னலில் இருந்தீர்களாம். மேலே வர மனம் துணியவில்லை. திரும்பி வந்து, "மாமா மெலிஞ்சுபோனார்" என்று மட்டும் சொன்னார். வேறு ஏதோ பார்த்திருக்கிறார். கேட்டால் சொல்லுகிறார் இல்லை.

ஒதியங்குளத்திலிருந்து கந்தவனம் விதானை எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார், பாவம், உங்கள் மகள் என்ற முறையில். "நயினாருடைய பாக்குக் கிடைத்தது. எல்லாக் குளமும் வாங்கிவிட்டது. ஒருவரும் தவறமாட்டோம் என்று நயினாருக்குச் சொல்லவும்." எவ்வளவு விசுவாசம். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயம்.

வருகிற 24ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாண மெயிலில் புறப்படவேண்டும். பெட்டி கட்டிவிட்டேன். பிறகு அவிழ்த்தேன், பிறகு திரும்பவும் கட்டினேன். இவர் பாரம் எடுக்கமுடியாமல் திரும்பி வந்தால் வேலை போய்விடும். இருந்த கிளாக்கர் வேலையையும் விட்டாயிற்று. அதைவிட, அந்தக் காட்டு வழியில் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் நான் உங்கள் முகத்தில் முழிக்கமாட்டேன். பயமுறுத்த எழுதவில்லை. நடக்கப்போவதை எழுதுகிறேன்.

வாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு வரி எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

பத்மாவதி

*

கொட்டாஞ்சேனை,
பங்குனி 3

என் பிள்ளைக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தது. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் கோபப்பட்டேன், பிறகு நவரத்தினத்தின்மேல், பிறகு துரைமார்மேல். பிறகு கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. அப்போதும் பேனா எடுக்க வரவில்லை. அதுதான் சுணக்கம். சுணக்கம் எங்களுக்குப் பரம்பரை வருத்தம் என்று முன்பே எழுதினேன்.

லொறி போய்ச் சேர்ந்துவிட்டது. அலவியிடம் கேட்டேன். தந்தி, கடிதம், ஆள் ஒன்றும் சரிவராது என்று உனக்கே தெரியும். அனுப்பினவன் போய், வாங்கினவன் முன்னால் கையை நீட்டி, அந்தப் பாக்கைத் திரும்ப வாங்கவேண்டும். என் காலத்தில் நான் அப்படிச் செய்ததில்லை. எங்கள் வம்சத்தில் நீட்டின கையே இல்லை என்று உனக்கு எழுதப் பார்த்தேன், எழுத்து ஓடவில்லை. ஒல்லாந்தன் கோட்டை வாசலில் நீட்டினோமே. அவனுக்கு நீட்டின கையை என் சனத்துக்கு நீட்ட ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

இன்றைய மெயிலில் போகிறேன். ஒதியங்குளத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு குளமாகப் போய் வாங்குவேன். நீங்கள் வந்து இறங்கும்போது மாங்குளத்தில் வண்டில் நிற்கும், பானையில் தண்ணீரும் இருக்கும். சின்னவளுக்கு வெயில் படாமல் வண்டிலுக்குக் கூடாரம் கட்டச் சொல்லுகிறேன். வாசலில் சனம் நின்றதைப் பற்றி எழுதியிருந்தாய். இப்போது நான் அவர்கள் வாசலில் போய் நிற்கிறேன், எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன்.

வளவில் கிழக்குப் பக்கத்து அறை எனக்குப் போதும். பெரிய கதிரை மண்டபத்தில் இருக்கட்டும், அது கந்தோருக்கு உரியது. மருமகன் எனக்காக அந்த இடத்தைக் கேட்டார் என்றாயே, அதை அவர் வாயால் எனக்குச் சொல்லவேண்டாம் என்று சொல்லு. நான் அழுதுவிட்டால் இருவருக்கும் கரைச்சல்.

அவர் எதிர்ப்பக்கத்தில் நின்றதை நான் பார்த்தேன். அவர் என்ன பார்த்தார் என்பதும் எனக்குத் தெரியும். நானே சொல்லுகிறேன். இந்தக் கடையில் மூட்டை தூக்கும் ஒருவர் இருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அவருடைய பெயர் நயினார். தாய் தகப்பன் வைத்த பெயர். நான் வந்து இறங்கின அன்றைக்குத் தெருவில் கூப்பிட்டது அவரைத்தான். இது எனக்கு வந்த அடுத்த நாளே தெரியும். "நயினார், சாக்கை எடு", "நயினார், வண்டிலைத் தள்ளு" என்று நாள் முழுக்கக் கீழே சத்தம். தெரிந்தும், ஒவ்வொரு முறையும் என் கழுத்துத் திரும்புகிறது. வேண்டாம் என்று நினைத்தாலும் திரும்புகிறது. கையும் கொஞ்சம் எழும்புகிறது. அந்த மனிதர் ஒருநாள் மேலே பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து கீழே தன்னை யாராவது கூப்பிட்டால், எனக்குக் கேட்க முன்னமே "இந்தா வாறேன்" என்று ஓடிப்போகிறார். அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு இங்கே இருக்க எனக்கு இனி ஏலாது.

அதால் மருமகனிடம் ஒன்றே ஒன்று சொல்லு. பரீட்சையில் இதைக் கேட்டிருக்கமாட்டார்கள். அங்கே போய் இறங்கின உடனே சனம் அவரையும் நயினார் என்றுதான் கூப்பிடும். நல்ல மனத்தோடுதான் கூப்பிடும். முதல் நாள் கூச்சமாக இருக்கும், பிறகு கேட்க இனிக்கும், பிறகு கழுத்துத் தன்பாட்டில் திரும்பத் தொடங்கிவிடும். அவருக்கு நவரத்தினம் என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்வரை திரும்பிப் பார்க்கவேண்டாம் என்று சொல்லு.

ஐயா